மல்லி என்றால் வெள்ளைதானே

திருநகரில் நாங்கள் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோன வருடம் எனக்கு எட்டு வயது. ஜன்னல்களுக்கு இன்னும் திரை வரவில்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி வரவில்லை. ஆனால் வாசல் கேட்டுக்கு மேலே வளைத்துக் கட்டிய இரும்புக் கம்பி மட்டும் எல்லாவற்றுக்கும் முந்தி வந்து நின்றுவிட்டது. அது அப்பாவின் ஏற்பாடு. தல்லாகுளத்தில் அவருடன் வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்தபோது ஒரு காலண்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் மே மாதப் பக்கத்தில் ஒரு செங்கல் வீடு, அதன் வாசலில் ஒரு வளைவு, வளைவு நிறைய உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள். கீழே இருந்த பெயரை அப்பா எழுத்துக்கூட்டிப் படித்து, ‘கிளமேட்டிஸ்’ என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். மாதம் முடிந்தும் அந்தப் பக்கத்தைத் திருப்ப விடவில்லை. எங்கள் வீட்டில் கார்த்திகை வரைக்கும் மே மாதமாகவே இருந்தது.

அம்மாவுக்குக் காகிதப்பூ போதும். அது தண்ணீர் கேட்காது, ஆடும் கடிக்காது. எனக்குப் பள்ளிக்கூட மதிலில் தொங்குகிற மஞ்சள் பூ வேண்டும். மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்ததில் புதுமனைப் புகுவிழா முடிந்தும் வளைவு மொட்டையாகவே நின்றது. கடைசியில் அத்தையைக் கேட்டுவிடலாம் என்று முடிவானது.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. பேரையூரில் தனியாக இருந்துகொண்டு, வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டுத் தைத்துவந்தாள். அந்தப் பக்கத்துக் கல்யாணப் பெண்களில் பாதிப் பேர் அத்தை தைத்த ரவிக்கையோடுதான் மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அம்மா சொல்வாள். தவிர, அத்தைக்குக் கைராசி உண்டு. அவள் ஊன்றிய குச்சி எதுவும் பட்டுப்போனது கிடையாது. ஆகவே கொடி விஷயத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் சாலையில் இருந்த நர்சரிக்குப் போனோம். அப்பா காலண்டர் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நர்சரிக்காரர் அதை வாங்கி ரொம்ப நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

“சார், இது குளுரு ஊரு கொடி. நம்ம வெயிலப் பாத்தாலே வேரோட செத்துரும். கொடைக்கானல்ல வீடு கட்டுனா சொல்லுங்க, வரவழைச்சுத் தாரேன்.”

அப்பா படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 

அத்தைதான் வரிசை வரிசையாக நடந்தாள். நடக்கும்போது என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள். எனக்கு அது பெரிய பெருமை. மற்றவர்கள் செடியைத் தள்ளி நின்று பார்ப்பார்கள். அத்தை அப்படிப் பார்க்கவில்லை. தண்டை விரலால் வருடினாள், இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனாள். “இது என்னப்பா, பூண்டாட்டம் மணக்குது?” என்றாள். நர்சரிக்காரர் சிரித்து, “பூண்டுக் கொடிதேன் அக்கா. சரியாச் சொல்லிட்டீங்க” என்றார். எனக்குப் புல்லரித்தது. செடிகள் எல்லாம் அத்தையிடம் மட்டும் தங்கள் பெயரை ரகசியமாகச் சொல்வதாக நினைத்தேன். சங்குப்பூவை இலையைத் தொட்டே சொன்னாள். காகிதப்பூவின் முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது வேணாம், பிள்ளைக நடமாடுற எடம்” என்றாள். இடையிடையே என்னிடம், “எங்க, அதுக்குப் பின்னாடி தொங்குதே, அது என்ன கலரு? நீ சொல்லு பாப்போம்” என்பாள். வாய்ப்பாடு கேட்கிற மாதிரி இதுவும் ஒரு பரீட்சை என்று எண்ணி நான் விறைப்பாக நின்று பதில் சொன்னேன். எல்லாமே சரி என்று தலையாட்டினாள்.

கடைசியில் ஒரு மூலையில் இருந்த கொடியிடம் வந்து நின்றாள். அதில் பூ எதுவும் இல்லை. நர்சரிக்காரர் ரங்கூன் மல்லி என்றார்.

“எப்பப் பூக்கும்?”

“பொழுது சாயத்தேன் விரியும் அக்கா. வாசம் தெருமுன வரைக்கும் போகும்.”

“அப்ப இதவே கட்டிக் குடுங்க.”

என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. மல்லி என்றால் வெள்ளைதானே.

கொடி நன்றாகப் பிடித்துக்கொண்டது. பங்குனிக்குள் வளைவின் உச்சியைத் தொட்டுவிட்டது. சித்திரையில் எனக்குப் பரீட்சை லீவு விட்டபோது அத்தையும் வந்து சேர்ந்தாள். மெஷின் ரிப்பேராம். தையல் கோணிக்கொண்டு போகிறதாம், பார்ட்ஸ் வரப் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள் இருபது நாளாகியும் பார்ட்ஸ் வரவில்லை. அப்பா, “நான் வந்து மெக்கானிக்கிட்டப் பேசவாக்கா?” என்று கேட்டபோதெல்லாம் அத்தை பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

அந்த லீவு முழுவதும் நான் அத்தையின் வித்தைகளைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தேன். பால் பொங்கப்போவதை அடுப்புப் பக்கம் திரும்பாமலே சொல்வாள். படியில் கேட்கிற செருப்புச் சத்தத்தை வைத்து வருவது யார் என்பாள். கைத்தையலுக்காகப் பத்துப் பதினைந்து ஊசிகளை என்னிடம் கொடுத்து, “எம்புட்டு வேகமாக் கோக்குற பாப்போம்” என்று பந்தயம் வைப்பாள். நான் கோத்து வரிசையாகத் தலையணையில் குத்திவைப்பேன். அவள் அம்மாவின் பழைய ரவிக்கைக்கு விரலால் அளந்து அளந்து கொக்கி வைப்பாள், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு. இப்படி ஒரு அத்தை யாருக்கு வாய்ப்பாள் என்று என் சிநேகிதிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் வாசற்படியில் இருந்தோம். அத்தை சட்டென்று தலையை நிமிர்த்தி, “பூத்துருச்சு. போய்ப் பாரு” என்றாள்.

ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். வளைவின் உச்சியில் ஒரே ஒரு கொத்து. நீளமான மெல்லிய காம்புகளின் நுனியில் ஐந்தாறு பூக்கள் தலை குனிந்து தொங்கின.

“என்ன கலரு?”

“வெள்ளை அத்தை.”

“நல்லாப் பாத்தியா?”

“பால் மாதிரி வெள்ளை!”

அத்தையின் முகம் மலர்ந்தது. சமையலறையைப் பார்த்து, “பால் கணக்கா வெள்ளையாப் பூத்துருக்கு!” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள். என் சொல் அத்தை வாயால் வீடு முழுக்கக் கேட்டதில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மறுநாள் அம்மா என்னைத் திருமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள், திரும்பும்போது இருட்டிவிட்டது. வீட்டில் இருந்த அப்பாவோ கிளமேட்டிஸ் இல்லாத வளைவை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று இருந்தார்.

ஞாயிறு காலை பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கொத்து சிவந்திருந்தது. வெறும் சிவப்பு இல்லை. வெள்ளியன்று நான் பார்த்த பூக்கள் குங்குமம் கரைத்துத் தோய்த்தது போல இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக விரிந்த நாலைந்து, கன்னம் சிவந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தன. வெள்ளை என்று சொல்ல ஒரு பூ இல்லை. யாரோ ஏணி வைத்து ஏறி மாற்றிவிட்டார்களா என்று தரையைப் பார்த்தேன். காம்பைப் பார்த்தேன், கட்டிய நூல் எதுவும் இல்லை. அதே கொத்து, அதே பூக்கள். வாயில் பற்பசை நுரையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அதுவரை மாறாதவை என்று நான் நம்பிய பொருள்களில் நிறமும் ஒன்று. பச்சை பச்சைதான், வெள்ளை வெள்ளைதான். அது கூட, யாரும் பார்க்காத நேரத்தில் வேறொன்றாக ஆகிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியப்புக்குப் பின்னாலேயே பயம் வந்தது. நல்லாப் பாத்தியா என்று அத்தை கேட்டாளே. நான் அல்லவா பால் மாதிரி என்றேன். இப்போது போய்ச் சிவப்பு என்றால் என்னைப் பொய்க்காரி என்று நினைக்கமாட்டார்களா? சாயங்காலத்துக்குள் அது மறுபடி வெள்ளையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தையிடம் வாய் திறக்கவில்லை.

பத்து மணி வாக்கில் பேரையூரிலிருந்து ஒரு அம்மாள் மகளோடு வந்தாள். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பட்டு ரவிக்கைத் துணிகளோடு அத்தையைத் தேடிக்கொண்டு திருநகர் வரை வந்துவிட்டாள். “மெஷின் சரியாகட்டும், நான் காத்துக்கிருக்கேன். ஒங்க கையால தச்சாத்தேன் ஆச்சு” என்றாள். அத்தைக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. காப்பி குடித்துவிட்டு அவர்கள் கிளம்பியபோது கேட் வரை கூடவே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். எப்படியாவது அத்தையை உள்ளே இழுத்துவிட வேண்டும் என்று முந்தானையைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே என் கையை விலக்கிவிட்டு, மேலே காட்டினாள்.

“நான் பாத்து வாங்குன கொடி. பாருங்க, பால் கணக்கா எம்புட்டு வெள்ளையாப் பூத்துருக்கு!”

கல்யாணப் பெண் களுக்கென்று சிரித்தாள். அவளுடைய அம்மா சிரிக்கவில்லை.

“என்னக்கா, செக்கச்செவேல்னு இருக்கு. வெள்ளைங்கிறீங்க?”

அத்தையின் கை மேலே தூக்கியபடியே நின்றது. அவள் அண்ணாந்து பார்த்தாள். பூ இருந்த இடத்தை அல்ல, அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் ஆகாயத்தை. பிறகு மெதுவாகக் கையைக் கீழே இறக்கினாள். “ஆமா, ஆமா, செவப்புத்தேன். ஏதோ நெனப்பு” என்றாள். அந்த அம்மாள் கக்கத்தில் வைத்திருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அப்ப நாங்க வாரோம்” என்று சொல்லி நடந்தாள். ரவிக்கைத் துணிகள் பைக்குள்ளேயே இருந்தன.

அம்மா காப்பி டம்ளர்களோடு படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு வந்து அத்தையின் கையைப் பிடித்தாள்.

“எத்தன நாளா மதினி?”

“ரெண்டு வருசம் இருக்கும்” என்றாள் அத்தை. “சொன்னா தம்பி என்னய இங்கயே உக்கார வச்சிருவான். மெஷின வித்துருவான். நான் என் வீட்ல இருந்துக்கிறேன் தாயி, விட்ருங்க.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அத்தை அழுது அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. நான் மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் பொய் சொன்னதால்தான் இத்தனையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வலது கண் போய்விட்டது, இனி எதுவும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது, புரையும் முற்றியிருந்தது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். அப்பா இதையெல்லாம் அம்மாவிடம் சமையலறையில் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் கேட்டேன். கேட்டது காதோடு நின்றுவிட்டது. நான் அறிந்த அத்தை உலகத்தில் எல்லோரையும் விட அதிகம் தெரிந்தவள். அவளுக்குக் கண் தெரியாது என்பது எப்படி என் தலையில் ஏறும்?

அழுத்தம் குறைய மருந்து விட்டு, பிறகு இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் இருந்த அத்தையின் பக்கத்தில் போய் நின்று, “அன்னைக்கு நெஜமாவே வெள்ளையாத்தான் இருந்துச்சு அத்தை” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் என் தலையைத் தடவி, “தெரியும் தாயி. அது வெள்ளையா விரிஞ்சு, போகப் போகச் செவக்குற பூவாம். நர்சரிக்காரருக்கு ஒங்கப்பா போன் போட்டுக் கேட்டுட்டான்” என்றாள். அப்பா மெஷினை விற்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் அத்தை பேரையூருக்கே போனாள். வெட்டுவது அவள், தைப்பதற்கு ஒரு பெண் என்று ஏற்பாடு. இதெல்லாம் பிற்பாடு நடந்தது.

என் கண்ணுக்குள் நிற்பது வேறொரு சாயங்காலம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன நாள் அது. அத்தை தனியாக நடந்து வந்து வளைவுக்குக் கீழே நின்றாள். அதற்குள் கொடி முழுக்கப் பூ. ஒரே கொத்தில் வெள்ளை, ரோஸ், சிவப்பு. அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கையை எடுத்து மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். மாற்றி மாற்றி, நாலைந்து தடவை.

எனக்கு அந்த விளையாட்டுத் தெரியும். ஒரு கண்ணைப் பொத்தினால் பார்க்கிற பொருள் இந்தப் பக்கம் நகரும், மறு கண்ணைப் பொத்தினால் அந்தப் பக்கம் நகரும். வகுப்பில் கரும்பலகையை வைத்து நாங்கள் ஆடுவோம். நானும் ஓடிப்போய் அத்தையை ஒட்டி நின்றுகொண்டு, அண்ணாந்து, அவளைப் போலவே பொத்திப் பொத்திப் பார்த்தேன். கொத்து இங்கும் அங்கும் துள்ளியது. அத்தையும் என்னோடு விளையாட வந்துவிட்டாள் என்று எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

“அத்தை, பூக் குதிக்குதுல்ல?”

“ஆமா தாயி, குதிக்குது” என்றாள் அத்தை. அப்போது அவள் பொத்தியிருந்தது இடது கண்ணை.