திரை போட்ட அறையில் ஒரு சாப்பாடு

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடிக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த புதிதில், துறைமுகம் பக்கம் வாய்க்கு ருசியான சாப்பாட்டுக் கடை தேடி அலைந்தேன். எங்கே நுழைந்தாலும், தனியாக வந்த பெண் என்று என்னைக் கடைசியில் இருக்கும் திரை போட்ட அறைக்குத்தான் அனுப்பினார்கள். வம்பு எதற்கு என்று நானும் போனேன். அதுதான் நான் செய்த தவறு.

ஒருநாள் மீன் குழம்பை ஊற்றிப் பிசையும்போது, பக்கத்து அடுப்படியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் குப்பென்று எரிந்து திரையில் தீப்பிடித்தது. அறைக்கு அந்த ஒரு வழிதான், ஜன்னல்கூடக் கிடையாது. முன்னால் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். மூலையில் இருந்த வாளித் தண்ணீரைத் திரைமேல் வீசிவிட்டு, எச்சில் கையோடு வெளியே பாய்ந்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீங்க உள்ளயா இருந்தீய? மறந்தே போச்சே!" என்றார். தீயைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தப் பேச்சுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது எந்தக் கடையானாலும் வாசலை ஒட்டிய பெஞ்சில்தான் உட்காருகிறேன். நேற்றும் ஒரு கடைக்காரர் முகம் சுளித்தார்.

"பொம்பளையாளு முன்னால உக்காந்தா வாரவுக என்ன நெனப்பாவ?"

"தீப்பிடிச்சா இவளும் ஓடிருவான்னு நெனப்பாவ. இலையப் போடுங்க, அண்ணாச்சி" என்றேன்.