செலின் அக்கா பெட்டியில் போடாத சீட்டு

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் உறங்கினான். லீவில் புதுச்சேரிக்குப் போன செலின் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் தங்கை அனுப்பிய குரல்செய்தியை, நம் கட்டடத்து அம்மாக்கள் எல்லோரும் மாலையில் கேட்டிருப்பீர்கள். நான் மூன்று முறை கேட்டேன்.

இங்கே சத்வா பகுதியில் உள்ள பல் கிளினிக்கின் வரவேற்பில் உட்கார்ந்து, 'யல்லா, சீக்கிரம்' என்று அரபியில் அவசரப்படுத்துபவரிடம் "யல்லான்னா பல்லு தானா வந்துடுமா, பாய்?" என்று கேட்கும் அக்காவை நமக்குத் தெரியும். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்ததால் அவர் பிரெஞ்சுக் குடிமகள் என்பதும் சிலருக்குத் தெரியும். அந்த ஓட்டுக் கதை தெரியுமா?

இருபது வருடங்களுக்கு முன், ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான அரசியலமைப்பு ஒப்பந்தம் ஒன்றை ஏற்கலாமா என்று பிரான்ஸ் தன் குடிமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ஒப்பந்தம் தடிமனான புத்தகமாக அக்கா வீட்டுக்கே வந்தது. இங்கிருந்த, அவரைப் போலவே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்கள் ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணியோடு கூடி, எல்லோரும் 'ஆம்' போடுவதென்று முடிவு செய்தன. அக்கா மட்டும் வாரக்கணக்கில் பென்சிலும் கையுமாக அதைப் படித்தார்.

இங்குள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் வைத்த ஓட்டுச்சாவடியில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு சீட்டும் கொடுப்பார்களாம். மறைவில் நின்று ஒன்றை உறையிலிட்டுப் பெட்டியில் போட வேண்டும். மற்றதை அங்கேயே எறிந்துவிடலாம். அக்கா எறிய மறந்து கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். சாவி தேடிய கணவர் கையில் அகப்பட்டது 'ஆம்' சீட்டு. அப்படியானால் பெட்டிக்குள் போனது எது?

அன்றே வீட்டில் பஞ்சாயத்து. "பிரெஞ்சுக்காரன் பென்ஷன நிறுத்திட்டான்னா, படுத்த படுக்கையா கெடக்குற உங்கப்பாவுக்கு மருந்து யாரு வாங்குவா?" என்று கத்தினாராம் மாமா ஒருவர்.

"நீங்க எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சீங்க, மாமா?"

அக்கா பென்சில் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து காட்டினாராம்.

"பின்னாடி இதுல ஒரு வரி மாத்தணும்னா இருபத்தஞ்சு நாடும் ஒத்துக்கணுமாம். ஏசிய எத்தனைல வைக்கிறதுன்னு நம்ம வீட்டு நாலு பேரு ஒத்துக்க முடியல."

முதலில் சிரித்தவர் அவர் கணவர்தானாம்.

பிரான்ஸே ஒப்பந்தத்தை மறுத்துவிட்டது. பென்ஷனும் நிற்கவில்லை. "ஜெயிச்சிட்ட போல?" என்று குத்தியவரிடம், "ஜெயிக்கறதுக்கா படிச்சேன்?" என்றாராம். அப்பாவின் மருந்துக் கவலை ஒரு பக்கம் இருக்க, தனியாக நின்று மறுத்திருக்கிறார்! இதை அவர் சொன்னபோது, பயமாக இல்லையா என்று கேட்டேன். "இல்லாம? ஆனா நான் படிச்சிட்டுப் பயந்தேம்மா. படிக்காம பயந்தா அதுக்கு முடிவே இல்ல."

லீவுக்குப் போகுமுன் அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். 'ஆம்' சீட்டு இன்னும் அதற்குள் அடையாளமாக இருந்தது. அதை எடுத்து, பிள்ளைகளின் நர்சரி அனுப்பிய புதிய ஒப்பந்தத்தில் ஏழாம் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் பெற்றோர் வந்து சேரும்வரை மருந்து எதுவும் தர மாட்டார்களாம். காய்ச்சல் ஏறினால் என் மகனுக்கு வலிப்பு வரும். உங்களில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். நாளை காலைதான் கடைசி. நான் போடப்போவதில்லை.

ஏழாம் பக்கத்தை ஒருமுறை படியுங்கள். படித்துவிட்டு, பிள்ளைகளை விடப் போகுமுன் எனக்குப் பதில் எழுதுங்கள்.