ஆடி முடியட்டும் என்றேன்

பேரனுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கூடைப்பந்து கிளப்பிலிருந்து ஒப்பந்தம் வந்தபோது ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவனுக்குப் பதினெட்டு வயது, ஆறடி ஆறங்குலம். உயரம் அப்பா வழி. மருமகன் டெக்சாஸில் பிறந்து வளர்ந்த அமெரிக்கர். தங்கள் அணியில் ஆட வரச் சொல்லி ஒரு கல்லூரி கூப்பிட்டதைப் பேரன் ஏப்ரலிலேயே மறுத்துவிட்டான். தன் வயதுக்காரர்களோடு ஆடிப் பயனில்லை, ஆடிச் சம்பாதிக்கும் பெரியவர்களிடம் இடிபட்டுத்தான் கற்க வேண்டும் என்பான். வெளிநாட்டு கிளப்பில் ஒரு வருடம் ஆடிவிட்டு இங்கே அமெரிக்காவில் உள்ள பெரிய லீகில் நுழைந்தவர்களின் வீடியோக்களை எனக்குப் போனில் காட்டுவான். நானும் தலையாட்டியபடி பார்ப்பேன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ஃப்ரீமான்ட்டில் இந்தியக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனால், "பேரன் எந்த காலேஜ், அங்கிள்?" என்பார்கள். சொல்வதற்கு எனக்கு ஒரு கல்லூரியின் பெயர் வேண்டியிருந்தது. பந்து விளையாடப் போயிருக்கிறான் என்று சொல்ல நா எழாது.

கிளப் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தது. மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மருமகன் தாள்களை அடுக்கி, பேனாவைத் திறந்து வைத்தார்.

"ஆடி முடியட்டும், அப்புறம் கையெழுத்துப் போடட்டும்," என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். "ஆடப் போறவனுக்கு ஆடி ஆகாதா? நீங்க எப்போப்பா இதெல்லாம் பார்க்க ஆரம்பிச்சீங்க? காலண்டர்ல ராகு காலம் எங்க போட்டிருக்குன்னே உங்களுக்குத் தெரியாதே."

"நான் பார்க்கலைம்மா. உங்கம்மா இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா."

மனைவி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் தாள்களை எடுத்து ஒதுக்கினாள். மருமகன் எங்கள் வழக்கம் எதிலும் குறுக்கே பேசாதவர்; பேனாவை மூடினார். பேரனுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஆடி இன்னும் எத்தனை நாள் என்று கேட்டான். மூன்று வாரம் என்றேன்.

"தே கேவ் மி ஒன் வீக், தாத்தா."

"நிஜமா நீ வேணும்னா காத்திருப்பாங்க."

கொஞ்சம் யோசித்தான். "இது பாட்டிக்காக, ரைட்?"

"ஆமாம்."

"ஓகே," என்றான்.

என் மனைவி ஆடியையும் பார்த்ததில்லை, அமாவாசையையும் பார்த்ததில்லை. நான் இப்போது இருக்கும் வீட்டை நாங்கள் எழுதி வாங்கியதே ஓர் ஆடி மாதத்தில். ஊரில் அம்மா ஏதாவது சொல்வாளோ என்று அன்று தயங்கியவன் நான். "வீடு கிடைச்சதே பெரிசு. ஆடியாவது ஆவணியாவது, நகருங்க," என்று முதல் கையெழுத்தைப் போட்டவள் அவள்.

பாலங்களுக்குக் கணக்குப் போட்டு ஓய்வுபெற்றவன் நான். இதையும் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். கிளப் காத்திருக்காது, பையன் கல்லூரிக்குத் திரும்புவான் என்று நினைத்தேன். முதல் பாதி சரியாக வந்தது. பத்து நாள் பார்த்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டதாக கிளப் மரியாதையாகக் கடிதம் அனுப்பியது. கல்லூரியிலோ அவன் இடத்தை மே மாதமே இன்னொருவனுக்குக் கொடுத்திருந்தார்கள். கடிதத்தை என்னிடம் காட்டியபோதும் அவன் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பிறகு டெக்சாஸில், அப்பாவின் ஊருக்குப் பக்கத்தில், ஓர் இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்தான். கடையில் கேட்டபோது அதன் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு கல்லூரி இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஜூலையில் ஒருநாள் காலை டெக்சாஸிலிருந்து அழைத்தான். போலந்தில் ஒரு சிறிய ஊர், இரண்டாம் நிலை கிளப். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். சொல்லி முடித்துவிட்டு, யாரும் கேட்டுக்கொள்ளாமலே, தமிழில் கேட்டான்:

"தாத்தா, ஆடி எப்போ முடியும்?"

காலண்டர் எனக்கு எதிரிலேயே தொங்கியது. தேதியைச் சொல்லியிருந்தால் மறுபடியும் காத்திருப்பான். சொல்லவில்லை. பாட்டி அப்படி எதுவும் நினைத்தவளில்லை, அவள் பெயரை நான் எடுத்துக்கொண்டேன், உன்னை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான் என்றேன். வீடு வாங்கிய கதையையும் சொன்னேன்.



"நீங்க 'நோ' சொல்லியிருக்கலாம், தாத்தா," என்றான். "ஐ வுட்'வ் ஃபாட் யூ."

அந்தச் சண்டைக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

மகளுக்கு நானே அழைத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "அம்மா பேரையாப்பா?" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வரவில்லை.

பேரனிடமிருந்து, அவன் அழைத்த அன்று மதியமே ஒரு படம் வந்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். கையெழுத்து, கீழே தேதி. கூட ஒரு வார்த்தையும் இல்லை. காலண்டரில் பார்த்தேன். ஆடி நான்கு.