தாலி கட்டும்போது ஒரே ஒரு படம்

அப்பா இறந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சூடாகச் சாப்பிட ஆரம்பித்தோம். அவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைத் தோசை முதலில் ஜன்னலோரம் போகும். அங்கே வெளிச்சம் சரியாக விழும்வரை காத்திருந்து, மூன்று கோணத்தில் படமாகி, அதன் பிறகுதான் எங்கள் தட்டுக்கு வரும். அதற்குள் அது செருப்புத் தோலாகியிருக்கும். அம்மா திட்டுவார். அப்பா அதைக் காதில் வாங்காமல் சட்னிக் கிண்ணத்தை ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்த்துவார்.

கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து பிறைக்குப் போவார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஆள் குறைந்தால் ஓவர்டைமுக்கு முதலில் கை தூக்குவதும் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொள்வார். அம்மா முதுகில் தைலம் தேய்க்க, அன்று ஃபெரியில் எடுத்த படங்களை எங்களுக்குக் காட்டுவார். கடல், கப்பல், வாயைப் பிளந்து தூங்கும் பயணி, மறுபடியும் கடல். நேற்றைய கடலுக்கும் இன்றைய கடலுக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா குத்தலாகக் கேட்டால், குத்தல் என்று தெரியாமல் உட்கார்ந்து விளக்குவார்.

அந்தக் கேமரா நண்பரிடம் வாங்கிய பழைய சரக்கு. அதைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். அதனால் அதில் எப்போதும் லேசாக ரசம் மணக்கும்.

சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், நிபோங் திபாலோ கூலிமோ எந்த ஊரில் நடந்தாலும், இரவு ஓவர்டைம் முடித்த கண்ணோடு போய் நிற்பார். படங்களை அச்சிட்டு, ஆல்பமாக்கி, அதையே மொய்யாகக் கொடுப்பார். தாலி கட்டும் படத்தில்தான் அவருக்கு உயிர். அந்த ஒரு நொடியில் மட்டும் எந்தப் பெண்ணுக்கும் நடிக்கத் தெரியாது என்பார். என் தாலிப் படத்தைத் தான்தான் எடுக்கப்போவதாக, நான் ஆறாம் வகுப்பில் இருந்த காலத்திலிருந்தே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் போய் பட்டர்வொர்த்தில் ஒரு புகைப்படக்காரரைப் பேசி முடித்துவிட்டு வந்தேன். அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சண்டை வெடித்தது. மணவறையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டிய மனிதர் கேமராவும் கையுமாக ஓடினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான் கத்தினேன். அவருக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னார். தாரை வார்த்து முடியும்வரை கேமராவைத் தொடக்கூடாது. தாலி கட்டும்போது ஒரே ஒரு படம். அந்த நேரம் புகைப்படக்காரர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் புகைப்படக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று பட்டு வேட்டியில் அப்பா அடக்கமாக உட்கார்ந்திருந்தார். கேமரா அம்மாவின் மடியில் இருந்தது. அவர் தாரை வார்த்ததில் பாதித் தண்ணீர் ஐயர் மேல் போனது. முடிந்ததும் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கேமராவை வாங்கிக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றார். புகைப்படக்காரர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கிக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியது. நான் தலையைக் குனிந்தேன். மேலெல்லாம் அரிசி விழுந்தது. நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் புகைப்படக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். தன்னிடம் தாலிப் படம் இல்லை, அப்பாவிடம் வாங்கித் தந்தால் ஆல்பத்தில் சேர்த்துவிடலாம் என்றார். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த அப்பாவின் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி நானே தட்டிப் பார்த்தேன். காலையில் எனக்குப் பூ வைத்த படம் இருந்தது. அது ஒப்பந்தத்தை மீறி எடுத்தது. அதற்கு அடுத்த படம் வாழையிலை. பாயசம் விழுந்த வாழையிலை, மூன்று கோணத்தில். நடுவில் ஒன்றுமே இல்லை.

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. இத்தனை வருடப் பேச்சு, அத்தனை சண்டை, கடைசியில் ஒரு படம்கூட இல்லை. விருந்தினர்களின் கைப்பேசிகளில் இருந்ததோ ஓர் அத்தையின் முழங்கையும் யாரோ ஒருவரின் கொண்டைப் பூவும்தான். ஏன் எடுக்கவில்லை என்று பந்தி நடுவிலேயே கேட்டேன். அப்பா கேமராவை என்னிடமிருந்து வாங்கி மூடியைப் போட்டார்.

"கேமராவுக்குள்ள பாத்தா நீ ரொம்ப தூரத்துல நிக்கிற மாதிரி தெரிஞ்சிச்சிமா. எறக்கிட்டு பாத்தேன், கிட்டதான் இருந்த. அப்புறம் தூக்க மனசு வரல லா."

மேடையில் எல்லோரும் அடங்க வேண்டும் என்று அவர் அகல லென்ஸைப் போட்டிருந்தார். அதில் எதைப் பார்த்தாலும் தூரமாகத்தான் தெரியும். அத்தனை கல்யாணம் எடுத்தவருக்கு அது தெரியாதா என்ன. அதைச் சொல்லிச் சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மாலை நசுங்க அவரைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் தாலிப் படம் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். எடுக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். அந்த நேரத்தில் அப்பா என்னை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்.