முன்னோடிப் பட்டம்

லாசால் புறநகரில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் அரியகுமாரனுக்குத் தமிழ்ச் சங்கம் ‘மெய்நிகர் உலகின் முன்னோடி’ என்று பட்டம் கொடுத்தது. அன்றிலிருந்து மனிதர் குப்பை கொட்டவும் பொன்னாடையோடுதான் போகிறார்.

முப்பது வருடங்களுக்கு முன் அவர் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தது உண்மைதான். விஞ்ஞானிகள் கண்ணை மறைக்கும் கனத்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கணினி வரைந்த மலையில் நடப்பார்கள். அதன் வயர் அவர்கள் காலில் சிக்காமல் தூக்கிப் பிடிப்பது இவர் வேலை. ஒருநாளாவது அந்தக் கவசத்தைப் போட்டுப் பார்த்தாரா என்றால் இல்லை, தலைமுடி கலைந்துவிடுமாம்.

நேற்றுப் படிக்கட்டில் என்னை மறித்து, “முன்னோடி எண்டா சும்மாவே, தம்பி?” என்றார்.

பால் பையோடு வந்த அவர் மனைவி தவமலர் நின்றார். “வயரைத் தூக்கிக்கொண்டு அவங்களுக்குப் பின்னாலையெல்லோ ஓடினனீங்கள்?”

முன்னோடி பையை வாங்கிக்கொண்டு மனைவியின் பின்னால் படியேறினார்.