குதிரில் கலந்த வெள்ளைப் பொடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவன், முப்பத்தைந்து வயதுக்குள் பாகூர் ஏரிப் பாசனத்தில் எட்டு காணிக்குச் சொந்தக்காரன் ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை. எங்கள் பக்கத்தில் பூச்சி மருந்தை முதலில் வாங்கித் தூவியவனும் நான்தான். வயலோடு நிறுத்தினேனா? சாப்பாட்டு நெல்லைக் குதிரில் கொட்டும்போதும் அந்த வெள்ளைப் பொடியைக் கைநிறைய அள்ளிக் கலந்தேன்.

"என் குதிர்ல ஒரு வண்டு காட்டுடா பாக்கலாம்" என்று பக்கத்து நிலத்துக்காரனிடம் சவால் விடுவேன். மருந்து வாங்க வழியில்லாத அவன், நெல்லில் வேப்பிலையைப் போட்டுவிட்டு வண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான்.

என் மனைவிக்கு இரண்டு முறை கரு தரித்து இரண்டும் கலைந்தன. மூன்றாவது தரித்ததும் மாமியார் வந்து அவளை வில்லியனூருக்கு அழைத்துப் போனார். என் பெண்சாதி அடுத்த வீட்டுச் சோறு தின்பதா? என் குதிரிலிருந்தே இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன்.

"இன்னா மாப்ள, நெல்லு இந்த நாத்தம் நாறுது?" என்றார் மாமியார்.

"வண்டு நெல்லு மோந்து பழகின மூக்கு. அப்பிடித்தான் இருக்கும்."

அந்த நெல்லைக் குத்தித்தான் பொங்கினார்கள். ஐந்தாம் மாதம் அதுவும் போயிற்று.

பிறகுதான் புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். எல்லாம் விசாரித்துவிட்டு, "சாப்பாட்டு நெல்லுல பூச்சி மருந்து கலக்குறீங்களா? அது ஒடம்புல தங்கிடும். கருவைக் காக்குற சுரப்பையே கொழப்பிடுமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார்.

மனைவி வாயைத் திறக்குமுன், "எங்க வூட்ல அதெல்லாம் கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

பஸ் அரியாங்குப்பம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னாத்துக்குப் பொய் சொன்ன? வவுத்துல சொமந்தது நான்தான?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றே கூப்பிட்டவள்.

மறுநாள் பக்கத்து நிலத்துக்காரன் வாசலில் போய் நின்றேன்.

"நெல்லு வேணும்பா. மருந்து படாத நெல்லு."

"எட்டு காணிக்காரனுக்கு எங்க வூட்டு வண்டு நெல்லா?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். ஒன்றும் கேட்காமல் அளந்து போட்டான். அறுவடைக்கு அறுவடை அவனிடமே வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த கரு தங்கியது. பெண் பிறந்தாள். நெல்லை மாற்றியதாலா, டாக்டரம்மாவின் வைத்தியத்தாலா, எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒன்று. குதிரில் மிச்சமிருந்த அந்த நெல்லை நான் குழிதோண்டிப் புதைக்கவில்லை. வண்டில்லாத நெல் என்று பெருமை பேசி வியாபாரிக்குப் போட்டுவிட்டேன். அதை எந்த ஊரில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி பொங்கித் தின்றாளோ.