சல்லடை கிழிந்ததை நான் சொன்ன விதம்

நஞ்சன்கூட்டில் மிளகாய்த் தூள் அரைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தேன். மைசூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். ஆங்கிலம் எங்கள் மேலாளருக்காக மட்டும். வேறு மொழியில் பேசினால் அவர் காதில் விழாதவர் போல இருப்பார்.

ஒரு நாள் அரைவை இயந்திரத்தின் கம்பிச் சல்லடை கிழிந்துவிட்டதாக ஆபரேட்டர் என்னிடம் சொன்னார். மேலாளர் அறைக்கு ஓடினேன். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"சார், ஆபரேட்டர் செட் மீ..."

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கேலி பண்ணும்போது மட்டும் அவருக்குக் கன்னடம் வரும். "'செட் மீ' அந்தெ!" என்றார் மற்றவர்களைப் பார்த்து. 'செட் மீ'யாம்! அறையே சிரித்தது. பிறகு, 'செட் டு மீ' அல்லது 'டோல்ட் மீ' என்று சொல்ல வேண்டும் என ஒரு குழந்தைக்குப் போல எனக்குப் பாடம் நடத்தினார். சல்லடையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் சரக்கு திரும்பி வந்தது. பொட்டலங்களில் கம்பித் துண்டுகள். பரிசோதகர் விஷயத்தைத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார் மேலாளர். பதினைந்து நாள் என்னை இடைநீக்கம் செய்தார்கள். திரும்பி வந்தபோது கேன்டீனில் என் பெயரே 'செட் மீ' ஆகியிருந்தது.

அந்தப் பதினைந்து நாளில் மைசூரின் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கினேன். தமிழில் 'சொன்னார்' ஒன்று போதும், கன்னடத்தில் 'ஹேளிதரு' ஒன்று போதும். இந்த ஆங்கிலத்துக்குத்தான் 'செட்', 'டோல்ட்' என்று இரண்டு. பயிற்சிக்கு எழுதிய எல்லா வாக்கியத்திலும் மேலாளரையே வைத்தேன். அவர் என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் பொய் சொன்னார். பக்கம் பக்கமாக.

பதினான்கு மாதம் காத்திருந்தேன். மறுபடியும் சல்லடை கிழிந்தது. எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. ஆனாலும் பழிக்காக யார் வயிற்றிலும் கம்பியை இறக்க மனமில்லை. அன்றைய மூட்டைகளுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கச் செய்துவிட்டுத்தான் அவர் அறைக்குப் போனேன்.

"சார், ஐ ஆம் சேயிங் யூ, சீவ் இஸ் டோர்ன்" என்றேன். வேண்டுமென்றேதான் தப்பாக.

நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாகச் சிரித்தார். "முதல்ல இங்கிலீஷ் கத்துக்கிட்டு வாம்மா. மெஷினை நிறுத்த முடியாது, போ" என்று கன்னடத்தில் சொன்னார்.

கீழே வந்து மின்னஞ்சல் எழுதினேன். பத்து மணிக்கு உங்களிடம் சல்லடை கிழிந்ததைச் சொன்னேன், நிறுத்த முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள் என்று இரண்டே வாக்கியம். 'டோல்ட்' அதன் இடத்தில், 'செட்' அதன் இடத்தில். தலைமை அலுவலகத்துக்கும் நகல் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மேலாளருக்கு வேர்த்தது. என்னைக் காட்டி, "ஷி டிட் நாட் எக்ஸ்ப்ளெயின் மீ ப்ராப்பர்லி" என்றார்.

"எக்ஸ்ப்ளெயின் டு மீ, சார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்ததை நிதானமாகப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு அவராகவே வேலையை விட்டார். அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். தெரிந்துதான் செய்தேன்.

அவர் வேலையை விட்டுப் போன செய்தி வந்த அன்று மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

"யாக்கே, சும்னே சிரிக்கிறே?" என்றார் அம்மா பாதிக் கன்னடத்தில், ஏன் சும்மா சிரிக்கிறே என்று.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல அந்த மனுசனுக்காக ஒரு ஜெபம் பண்ணிடு. மனசுல வெச்சுக்காதே" என்றார்.

"இந்த ஞாயிறு வேண்டாம்மா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கிறேன்."